அடிக்காத மணி

ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சர் வீட்டுக்கு வந்து இன்றோடு முப்பத்தேழு நாள். இந்த முப்பத்தேழு நாளில், அவருடைய கணவர் ஓய்வுபெற்ற கட்டட சூப்பர்வைசர் என்பதை அந்த வீட்டுக்கு வந்த ஒருவரும் மறக்க வழியில்லை. வாசலில் இருந்த இரண்டு படிகளை மூடி, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று அளந்து சிமெண்டில் சரிவு போட்டிருந்தார். கட்டில் கால்களை அறுத்து உயரம் குறைத்திருந்தார். தலைமாட்டில் ஒரு பொத்தான் வைத்திருந்தார். அமுக்கினால் கூடத்தில் மணி அடிக்கும்.

பார்க்க வந்தவர்கள் சரிவில் ஒரு முறை ஏறி இறங்கிவிட்டு, "பொண்டாட்டியப் பாத்துக்கறதுன்னா இப்படிப் பாத்துக்கணும்" என்று சொல்லிப் போனார்கள். சூப்பர்வைசருக்கு உச்சி குளிர்ந்தது.

டீச்சருக்குப் பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு குழறியது. புத்தி மட்டும் துளியும் மழுங்கவில்லை. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அவரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சூப்பர்வைசரிடமிருந்துதான் வரும். "தூக்கம் வருதா டீச்சர்?" என்றால், "நல்லாத் தூங்கறா." "வலி இருக்கா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல."

இவ்வளவும் செய்தவர் பாத்ரூமில் மட்டும் கைவைக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒட்டிய டைல்ஸ். கமோடுக்கு வலது பக்கச் சுவர் முழுக்க நீலப் பூக்கள். கம்பெனிக்காரன் நிறுத்திவிட்ட மாடல். ஒன்று விரிசல் விட்டால் மாற்று கிடைக்காது. அதனால் துளை போடத் தேவையில்லாத, ரப்பரால் சுவரைக் கவ்விக்கொள்ளும் கைப்பிடி ஒன்றை வாங்கிவந்தார். அதையும் பூ மறைந்துவிடுமே என்று இடது பக்கத்தில் ஒட்டினார். இடது கை விழுந்தவருக்கு இடது பக்கம் கைப்பிடி.

நாலுகால் ஊன்றுகோலோடு நான்கு நாள் தானாகவே போய்வந்தார் டீச்சர். ஐந்தாம் நாள், வலது கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்து எழுந்தபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இரண்டு முட்டியும் தரையில் மோதின. சத்தம் கேட்டு ஓடிவந்த சூப்பர்வைசர் முதலில் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைத் தூக்கினார்.

"நீ சரியாப் பிடிக்கல. இனிமே தனியாப் போகாத. மணி அடி, நான் எதுக்கு இருக்கேன்?"

அன்று மணி ஏழு முறை அடித்தது. ஏழு முறையும் அவர் வந்தார். பேப்பரை மடித்து, கண்ணாடியைக் கழற்றி, பெருமூச்சு விட்டு, "இப்பத்தானே போனே?" என்றபடி வந்தார். மறுநாளிலிருந்து மணி இரண்டே முறைதான் அடித்தது. "பழகிட்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

தினமும் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி மனைவியின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பார். மாலையில் மிச்சத்தை ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றுவார். செடி தளதளவென்று வளர்ந்திருந்தது.

முப்பத்தேழாம் நாள் காலை பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண், டீச்சரை எழுப்பி நிறுத்தினாள். நின்றதும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. மேசையில் சிறுநீர்த் தொற்றுக்கான மாத்திரை அட்டை. ஒரே மாதத்தில் இரண்டாவது முறை.

"சார், முதல் நாளே எழுதிக் கொடுத்தேனே. பாத்ரூம்ல வலது பக்கம் ஸ்டீல் கம்பி, நாலு போல்ட்டு. போட்டாச்சா?"

"அது பூ டைல்ஸ்மா. டிரில் வெச்சா விரிசல் விட்டுடும். நாலு மாடி தூக்கி நிறுத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?"

"நாலு மாடி நின்னுடுச்சு சார். உங்க வீட்ல ஒருத்தங்களாலதான் நிக்க முடியல."

"கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றேனேம்மா. இதுக்கு மேல ஒரு புருஷன் என்னதான் செய்வான்?"

அதிர்ந்து பேசத் தெரியாத பெண் அவள். அன்றும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆணியாக இறங்கியது.

"கூப்பிட்டா வர்றது உங்க நல்ல மனசு சார். யாரையும் கூப்பிடாமப் போயிட்டு வர்றது அவங்க உரிமை. சரிவு, கட்டில் எல்லாம் வர்றவங்க கண்ணுல படுது, செஞ்சுட்டீங்க. கதவைச் சாத்திக்கிற இடம் யார் கண்ணுல படும்? அதான் விட்டுட்டீங்க. நோயில விழுந்தவங்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தா மட்டும் போதாது சார். அவங்க மானத்தையும் சேத்துப் பாத்துக்கணும். வீட்ட அவங்களுக்காக வளைக்கணும், அவங்கள வீட்டுக்காக வளைக்கக் கூடாது."

சூப்பர்வைசரின் முகம் சுண்டியது. "அவ ஒரு குறையும் சொன்னதில்லையே."

"அவங்கள எப்பவாவது கேட்டீங்களா?" அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "டீச்சர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"ஒரு லிட்டர். நானேதான் தினமும்..."

"சார், நான் டீச்சரக் கேட்டேன்."

டீச்சரின் வலது கை போர்வை ஓரத்தைக் கசக்கியது. சொற்கள் ஒவ்வொன்றாக, குழறிக் குழறி வந்தன. ஆனாலும் கரும்பலகையில் கணக்கு போடுவதுபோல ஒரு வரியும் விட்டுப்போகவில்லை.

"தண்ணி குடிச்சா... போகணும். போகணும்னா... மணி அடிக்கணும். அடிச்சா... இப்பத்தானே போனேம்பீங்க. கணக்கு போட்டேன். காலைல மாத்திரைக்கு அரை டம்ளர். ராத்திரி மாத்திரைக்கு அரை டம்ளர். ரெண்டு தடவையோட முடிஞ்சிடும்."

அவர் பார்வை ஜன்னலோரச் செடிக்குப் போயிற்று. கணவரின் பார்வையும் கூடவே போயிற்று.

"மிச்சத்த நீங்கதான்... சாயங்காலம் அதுக்கு ஊத்தறீங்க. முப்பத்திரண்டு நாளா... நான் வேணும்னேதான் தண்ணி குடிக்காம இருக்கேன்."