யன்னல் விளிம்பில் வளர்ந்தது

தாடையைக் கட்டுவதற்கு வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆரபி கரண்டியைக் கண்டாள். யன்னல் விளிம்பில் இருந்த கிளாஸுக்குள் அது சாய்ந்து நின்றது. மேலே மூடி வைத்திருந்த சாசர் பக்கத்தில் கிடந்தது.

துணி பாதிக் கிழிசலிலேயே நின்றுவிட்டது.

அப்பா கதிரவேலு விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். சிறுநீரகம் இரண்டும் பழுது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று போன கிழமையே ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். சாவு வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிளாஸில் இருந்தது தண்ணீர் இல்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் கட்டிலில் கிடந்தார்.

ஆரபி யாழ்ப்பாணக் கம்பஸில் இரசாயனவியல் ஆய்வு மாணவி. அப்பாவோடு இருக்க உடுப்பிட்டிக்கு வந்தவள் வேலையையும் கையோடு கொண்டுவந்தாள். பேரியம் உப்பும் சிலிக்கேற்றும் கலந்த கரைசல் அது. அசைக்காமல் வைத்தால் காற்றை மெல்ல மெல்ல வாங்கி, உள்ளே நிற்கும் கண்ணாடித் துண்டில் வெள்ளையாகப் பளிங்குகள் பிடிக்கும். பளிங்கென்றால் நேர்கோடும் மூலையுமாகத்தானே இருக்க வேண்டும்? இவை அப்படியில்லை. ஃபோனில் லென்ஸை மாட்டிப் பார்த்தால் சுருண்ட இலை, நத்தை, மடல் விரிந்த பூ. அவற்றைப் பார்த்ததில் அப்பாவுக்கு விசர் பிடித்துவிட்டது. பொய் சொல்லாதை, உதுக்கு உயிரிருக்கு என்று ஒரே சண்டை. நேரே வளரப் பார்க்கிற பளிங்கைச் சிலிக்கா மறிக்கிறது, மறித்த இடத்தில் அது வளைகிறது, அவ்வளவுதான் என்று அவள் எத்தனை தரம் சொன்னாலும் கேட்கவில்லை.

"உயிரில்லாதது ஏன் இவ்வளவு வடிவா வளையவேணும்?" என்றார்.

படுத்தபடியே பார்க்க வேண்டுமென்று அதை யன்னல் விளிம்பில் வைப்பித்ததும் அவர்தான். பீக்கர் கம்பஸில் இருந்தது. அவள் குசினியில் கிடந்த, குடிக்கிற கிளாஸிலேயே அந்த நஞ்சுக் கரைசலை ஊற்றினாள். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது!

"மாமி, இந்தக் கரண்டி ஆர் போட்டது?"

கால்மாட்டில் இருந்தவர் ஜெயகௌரி மாமி, அப்பாவின் தமக்கை. கிணற்றுப் பங்கு வழக்கில் அக்காவும் தம்பியும் முகம் பார்க்காமல் போய்ப் பல வருசம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. இருந்தும் நேற்றுப் பின்னேரம்தான் கீரிமலைத் தீர்த்தப் போத்தலோடு படலையைத் திறந்தார். அப்பா அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

"நான்தான் பிள்ளை. நீ டொக்ரருக்கு ஃபோன் எடுக்க வெளியிலை போன நேரம் அவனுக்கு மூச்சு இழுத்தது. சாமி படத்துக்குக் கீழை தீர்த்தம் மூடி வைச்சுக் கிடந்தது, எடுத்துப் பருக்கினனான். மூண்டு கரண்டி. குடிச்சிட்டுத்தான் போனவன்."

தீர்த்தப் போத்தல் சாமி அறையில் இருந்தது. ஆனால் யன்னலுக்கு மேலே பிள்ளையார் படம், அதன் கீழே சாசரால் மூடின கிளாஸ். வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆரபி கிளாஸைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மூன்று கரண்டி சுகமான மனுசனை ஒன்றும் செய்யாது. அப்பா சுகமான மனுசனா? பேரியம் இதயத்தைப் பிடிக்கும். வாய் திறந்து சொன்னால் பொலிஸ் வரும், பிரேதத்தை வெட்டிப் பார்ப்பார்கள், வழக்காடின தமக்கை நஞ்சு பருக்கினாள் என்று ஊர் கதைக்கும். சொல்லாவிட்டால், அப்பாவைத் தான்தான் கொன்றாளா என்பது அவளுக்குச் சாகும்வரை தெரியாது.

அம்மா குணலட்சுமி சுவரோடு சாய்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமி எழும்பிக் கிளாஸைக் கையில் எடுத்தார். மிச்சத்தை இவவுக்குக் கொடுப்போம், நெஞ்சு ஆறும் என்றார்.

ஆரபி பாய்ந்து பறித்தாள். கொஞ்சம் நிலத்தில் சிந்தியது.

"எறும்பு விழுந்து கிடக்கு மாமி."

தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். மாமியின் முகம் சுருங்கிப்போயிருந்தது. இந்த வீட்டில் நான் தொட்டது ஆகாதாக்கும் என்று முணுமுணுத்தார். ஆரபி துணியின் மிச்சத்தைக் கிழித்தாள்.

சனம் வர முன்னம் தாடையைக் கட்ட வேண்டும். கழுத்தின் கீழ் கையைக் கொடுத்து அப்பாவின் தலையைத் தன் பக்கம் திருப்பினாள். வாய் திறந்தது. கடைவாயால் தண்ணீர் வந்து கன்னத்தில் வழிந்து தலையணையில் ஊறியது. இன்னும் வந்தது. எல்லாமே வந்தது. கன்னத்து மயிரில் வெள்ளை மணிகள் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தன.

அவர் விழுங்கவில்லை. மாமி பருக்கியபோது விழுங்க அங்கே ஆள் இருக்கவில்லை.

ஆரபிக்கு மூச்சு வந்தது. அப்பாவின் செத்த முகத்துக்கு நேரே குனிந்து நின்றுகொண்டு, வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டாள்.

மாமி கிட்ட வந்தார். என்ன ஈரம் என்று கேட்டார். ஆரபி அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, முகம் துடைத்ததாகச் சொன்னாள். மாமி போகவில்லை. குரல் இறங்கியிருந்தது.

"அவன் குடிச்சவன்தானே பிள்ளை? தொண்டை அசைஞ்ச மாதிரித்தான் கிடந்தது. நான் கண்ணாடியும் போடேல்லை. குடிச்சவனோ, இல்லாட்டி அதுக்கு முன்னமே..."

அப்பா குடித்தார் என்ற சொல்லுக்குப் பயந்துதான் ஆரபி இவ்வளவு நேரமும் செத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் மாமி. நான் வாசலுக்கு வந்திட்டன், கண்டனான். மூண்டு தரமும் விழுங்கினவர்."

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலில் இருந்தார். துணியைக் கட்ட முன்னம் தலையை வாரிவிடுவோம், சீப்பைக் கொண்டுவா என்றார். சீப்பை நெற்றியில் வைத்தவரின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"குணம், இவன் எந்தப் பக்கம் உச்சி பிரிக்கிறவன்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். எழும்பி வந்து, மாமியின் கையைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்திவிட்டார்.