துளசிங்கத்தின் வலக்கை

துளசிங்கத்துக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று கோட்டைக்குப்பமே முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்ட ஊருக்கு என்ன வலி? அடி வாங்குவது அவன் முதுகுதானே.

ஏரியில் மார்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவன் அவன். அவன் தம்பி வேலு, ஒல்லாந்தர் கப்பலிலிருந்து பொதி இறக்கும் படகில் கூலிக்குப் போனான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள், வேலுவைக் காணோம். தேடி ஓய்ந்து அவனவன் தொழிலுக்குத் திரும்பிய பிறகு ஏரிக்குள் அவன் உடலைக் கண்டெடுத்தது துளசிங்கம்தான். தோளில் தூக்கி வந்தான், குழி வெட்டினான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. வலக்கையைத் தண்ணீரில் வைக்க மாட்டேனென்று அக்குளில் இடுக்கிக்கொண்டான். சோறு தின்பதுகூட இடக்கையால்தான்.

அவன் பெண்சாதி பவுனம்மாள் முதலில் கோட்டைக்குள்ளிருந்த ஒல்லாந்து வைத்தியரிடம் அழைத்துப் போனாள். கெட்ட ரத்தம் என்று சொல்லி அவர் கிண்ணம் நிறைய வடித்தார். துளசிங்கம் எழுந்து நடக்கவே தெம்பில்லாமல் போனதுதான் மிச்சம். உனக்கு என்ன என்று அந்த மனுஷனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பூசாரி துரைக்கண்ணு. அங்காளம்மன் கோயில் வாசலில் பம்பை முழங்க, வேப்பங்கொத்தால் விளாசினான். பேய் தன் பேரைச் சொன்னால்தான் இறங்கும் என்பது ஊர் வழக்கம். அடித்து அடித்துப் பேர் கேட்டான். புருஷனை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைப் பவுனம்மாளிடமே கொடுத்திருந்தார்கள். அவளும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

துளசிங்கத்தின் உதடு பிரிந்தது. "வேலு" என்றான்.

"பாத்தீங்களா, தம்பிதான் புடிச்சிக்கினு கீறான்" என்றான் பூசாரி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பேய் கையில் குடியிருக்கிறதாம், உள்ளங்கையில் சூடு போட வேண்டுமாம். கரித்தணலில் அரிவாள் பழுத்துக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் வாய் திறக்காதவன் செத்த தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், இதுகளுக்கு அது பேயாம். இதுகளோடு சேர்ந்து தானும் பிடித்துக்கொண்டிருந்தோமே என்று பவுனம்மாளுக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. கையை விட்டாள். அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தக் கையில இன்னா பட்டுதுய்யா? எங்கிட்ட சொல்லு."

அவன் அக்குளில் இடுக்கியிருந்த கையை வெளியே எடுத்து அவள் முன்னால் விரித்தான்.

"தலமயிருதான் மொதல்ல பட்டுது. எறா மீசைனு நெனச்சேன். கூட்டமா கீது, இன்னிக்கு நல்ல எறாப்பாடுனு சிரிச்சேன், பவுனு. சிரிச்சிக்கினே இழுத்தேன்."

சொல்லிவிட்டு அவள் மடியில் விழுந்து கதறினான். புதைத்த அன்று வர வேண்டிய அழுகை.

"பேய் அழுவுது, புடிங்கடா" என்று பூசாரி அரிவாளை எடுக்கக் குனிந்தான்.

பவுனம்மாள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தை எடுத்துத் தணலில் கவிழ்த்தாள். சாம்பலும் ஆவியும் பூசாரியின் முகத்தில் அடித்தன. அவன் பின்னால் சாய்ந்து, "இவ மேல தாவிக்கிச்சு, இவ மேல தாவிக்கிச்சு" என்று கத்தினான். பம்பைக்காரன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான்.

"ஆமாண்டா, தாவிக்கிச்சு" என்றாள் பவுனம்மாள். வேப்பங்கொத்து இப்போது அவள் கையில் இருந்தது. "பேய ஓட்டறவன் எவன்டா, கிட்ட வாடா, பாக்கறேன்."

ஒருவனும் வரவில்லை. அவள் துளசிங்கத்தின் வலக்கையைப் பிடித்து எழுப்பினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. செத்த தம்பிக்காகப் புருஷன் ஊர் கேட்க அழுதுகொண்டே நடந்தான், அழாதே என்று அவள் சொல்லவில்லை.