வெள்ளைக் கரை எல்ம்

வாய்க்கரிசி போட்ட கையை ராசமலர் இன்னும் துடைக்கவில்லை. கணவனின் அண்ணன் மகேந்திரராசா ஓர் ஈரத்துணிப் பொட்டலத்தோடு சவப்பெட்டியருகே வந்தார்.

"தங்கச்சி, உங்கட பிரிட்ஜுக்குள்ள இந்தத் தடியள் கிடந்தது. இந்த ஊரில எரிக்கக் கட்டை அடுக்க விடமாட்டாங்கள். நாலு தடியாவது அவனோட போகட்டும். என்னத்துக்கு வைச்சிருந்தவன்?"

"தெரியாது அண்ணை. போடுங்கோ."

அவர் துணியை உரித்து, பென்சில் பருமனான பதினொரு தடிகளையும் தம்பியின் காலருகே பரப்பினார்.

அவளுக்கா தெரியாது? அவள் புருஷன் தவராஜா வேலை செய்த ஒடென்சே நாற்றுப்பண்ணையின் பழைய விலைப்பட்டியல்களில் அந்தத் தடிகளுக்குரிய எல்ம் மரம் இருந்தது. நூறு வருடங்களுக்கு முன் ஒரு தோட்டக்காரன் பச்சை மரமொன்றின் ஒற்றைக் கிளையில் கண்டெடுத்த சாதி அது. இலையோரம் வேட்டிக்கரைபோல வெள்ளை. ஒருகாலத்தில் பணக்காரர் வாசல்களிலெல்லாம் நின்றதாம். பிறகு கேட்பாரில்லாமல் பட்டியலிலிருந்தும் போயிற்று. மிஞ்சியது ஒரே மரம். பக்கத்து மரங்களில் நோய் கண்டதால் அதையும் வெட்ட உத்தரவு வந்தது. விதை போட்டால் வெறும் பச்சைதான் முளைக்கும். அதன் தடியை வேறொரு கன்றில் ஒட்டுக்கட்டினால்தான் அந்தக் கரை வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பனி உறைந்த மரத்தில் தனியாக ஏறித் தடி வெட்டியவன் வழுக்கி விழுந்தான். விலாவைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்து, முதலில் தடிகளை ஈரத்துணியில் சுற்றிப் பாலுக்குப் பக்கத்தில் வைத்தான். அதற்குப் பிறகுதான் படுத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போவமப்பா" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, நாளைக்கு என்றான். மறுநாள் போனபோது உள்ளே இரத்தம் கசிந்து முடிந்திருந்தது. கடைசியாக அவளிடம் சொன்னது, "தடி காயாமல் பார்."

கட்டிய பெண்சாதி அந்நிய ஊரில் இனி என்ன செய்வாள் என்று ஒரு வார்த்தை இல்லை. மரம் மரம் என்று கிடந்தவன் அதையே கொண்டு போகட்டும்.

மூடியைப் போட்டார்கள். திருகாணி முடுக்குவதற்கு முன் பண்ணை முதலாளி ஸ்வெண்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். மெல்லிய டேனிஷில் சொன்னார்: மரத்தை நேற்று வெட்டிவிட்டார்கள். தவா வெட்டியவை பத்திரமாக இருக்கின்றனவா?

ராசமலர் விளங்காதவள்போல் நின்றாள். அவர் இரு விரல்களை ஒட்டுக்கட்டுவதுபோல் சேர்த்துக் காட்டினார்.

"தடி?" என்றார். தவராஜா பழக்கிய தமிழ்ச் சொல்.

திறவுங்கோ என்று சொன்னால் போதும். பிணத்துக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தவள் என்று மகேந்திரராசா காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார். அதற்கு அவள் பயப்படவில்லை. ஆனால் அந்தத் தடி வேறெங்காவது துளிர்த்து நிற்பதை அவளால் பொறுக்க முடியாது.

"இல்லை" என்று டேனிஷில் சொன்னாள். அந்தச் சொல் அவளுக்கு நன்றாக வரும்.

ஸ்வெண்ட் தலையசைத்தார். மூடியை முடுக்கினார்கள். தூக்க ஓர் ஆள் குறைந்தது. அவரே முன்மூலையில் கைகொடுத்தார்.

வாசற்படியில் பெட்டி சரிந்தது. உள்ளே தடிகள் கலகலவென்று உருண்டு பலகையில் மோதின.

ஸ்வெண்ட் நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். அவர் திரும்பி ராசமலரைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என்ன, பாரமோ?" என்றார் மகேந்திரராசா பின்னாலிருந்து.

ஸ்வெண்ட் தம் மூலையைச் சற்று உயர்த்திப் பெட்டியை நேராக்கிக்கொண்டு, மெல்லப் படியிறங்கினார்.