நூற்றுப் பதினான்காம் பக்கம்

பட்டுக்கரை வேட்டி மேல்தட்டில் இருக்கும் என்று அம்மா சொன்னாள். மாரிச்செல்வி ஸ்டூலில் ஏறிப் பீரோவைத் துழாவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத் தலைவர் மலையாண்டி.

"மனசத் தேத்திக்கங்கம்மா. மின் களஞ்சியத்த இன்னைக்கு நாலு மணிக்குத் தொடங்கியே ஆகணும். மொத ஆய்வேடா உங்கய்யாவோடதத்தான் ஏத்தணும்னு துணைவேந்தர் சொல்றாரு. மறைஞ்சவருக்கும் ஒரு மரியாதை. அந்த மேப் மட்டும் கெடைச்சா முழுசாயிரும்."

"தேடுறேன் சார்."

அறுநூற்றுச் சொச்சம் ஆய்வேடுகளை இரண்டு வருடமாக ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தவள் அவள். இனி யாரும் எங்கிருந்தும் படிக்கலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அவளைப் பெற்ற அய்யா பாண்டித்துரையின் ஆய்வேட்டில்தான் ஒரு பக்கம் இல்லை. வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகும் கடல் அட்டை, மண்டபம் முதல் தேவிபட்டினம் வரை எங்கெங்கே கிடக்கிறது என்று முப்பது வருடத்துக்கு முன் அவர் வரைந்த படம். யாரோ பிளேடால் வெட்டியிருந்தார்கள்.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கத்தித் தீர்த்தாள். "எவன் வெட்டுனானோ, அவன் கை வெளங்காமப் போக! உங்ககிட்ட வேற காப்பி இருக்கா அய்யா?"

"எங்கிட்ட ஏதுத்தா" என்றவர், ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். புத்தக ஓரத்தை மடித்த மாணவனை ஒரு வாரம் திட்டுகிற மனிதர், அன்று திருடனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

வேட்டியை உதறினாள். மடிப்பிலிருந்து ஒரு தாள் விழுந்தது. பதினான்கு சிவப்புப் புள்ளிகள். ஓரம் ஸ்கேல் வைத்து நேராக வெட்டப்பட்டிருந்தது. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூடத்தில் அய்யாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்தவர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. மார்பின் மேல் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டைவிரல்களைக் கட்டியிருந்தார்கள். தான் சபித்த அந்த வலது கையைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்தாள்.

பெரியபட்டினத்து அகமது கபீர் அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் ஆய்வுக்காக அய்யாவை வள்ளத்தில் கடலுக்குள் கூட்டிப்போனவர்.

"போன மாசம் வீட்டுக்கு வந்தாகம்மா. 'எம்மக எல்லாத்தையும் நெட்டுல ஏத்தப்போறா, லண்டன்காரனும் படிப்பான்'னு அம்புட்டுப் பெருமை. பெறகு, 'நீ காட்டுன எடத்த மட்டும் நான் எடுத்துட்டேன் கபீரு'ன்னாக."

"ஏன் மாமா?"

"அட்டை பிடிக்கத் தடை வந்துச்சுல்ல. லைப்ரரி அலமாரில கெடந்தவரைக்கும் பயமில்ல, எவன் பாக்கப்போறான்? நெட்டுல வந்தா, திருட்டுத்தனமா அள்ளுறவன் ஒரே சீசன்ல தொடச்சிருவான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டேன். 'சொன்னா அவ மேலெடத்துல பொய் சொல்லணும். தெரியலைன்னா அது பொய்யில்லைல்ல'ன்னாக." கபீர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். "எங்க வச்சாகன்னு நான் கேக்கல."

மாரிச்செல்வி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

இரண்டு மணிக்கு வாய்க்கரிசி போட அழைத்தார்கள். குனிந்தவள் கட்டியிருந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னது பலிக்காது அய்யா" என்றாள். அழுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அழவும்தான் செய்தாள். எழுந்தபோது தாளின் ஒரு மூலை அய்யாவின் உள்ளங்கைக்குக் கீழே வெளியே தெரிந்தது. அம்மா வந்து மாலையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

பாடை தெருமுனை திரும்பியது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் தலைமுழுகினார்கள்.

நாலு மணிக்குச் சற்று முன் மலையாண்டி மறுபடி கூப்பிட்டார். "மேப் கெடைச்சுச்சாம்மா?"

"வீட்ல இல்ல சார்."

"சரிம்மா. குறிப்ப மட்டும் சரி பண்ணிருங்க."

ஈரத் தலையோடு போனில் களஞ்சியத்தைத் திறந்தாள். அய்யாவின் பெயருக்குக் கீழே, அவளே போன மாதம் எழுதிய வரி இருந்தது: 'பக்கம் 114 மூலப்படியில் இல்லை. கிடைத்ததும் சேர்க்கப்படும்.'

திரையில் விழுந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். இரண்டாவது வாக்கியத்தை அழித்துவிட்டு, சேமித்தாள்.