பத்து நொடிச் சுற்று

மனிதகுலம் மரணத்தை வென்ற இடம் எங்கள் தெருவில், பல் மருத்துவரின் மேல்மாடியில் இருக்கிறது. வென்றவர் கைக்கடிகாரச் சேகரிப்பாளர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். சங்கத்தில் ஆறு பேர். தலைவராக நிற்க மற்ற ஐவருக்கும் சோம்பல்.

மனைவி இறந்த மறு வருடம் அந்தக் கடிகாரத்தை வாங்கினார். பேட்டரி கிடையாது, சுருள்வில்லில் ஓடுவது, நொடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளப்பது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் நடுமுள் பத்தே நொடியில் ஒரு சுற்று முடித்துவிடும். தலைவர் வாழ்க்கையில் அத்தனை அவசரமாக அளக்க ஒன்றும் இல்லை. ஒரு மாலை, டீ கொதிப்பதையாவது அளப்போமே என்று அழுத்தினார். சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "டீ பொங்குது, அங்க என்ன வேடிக்கை?" என்றாள். முள் சுற்றி முடித்ததும் அவள் இல்லை. டீ பொங்கியிருந்தது.

அதன்பின் தினமும் வந்தாள். சொல்ல வேண்டியதைப் பகலெல்லாம் ஒத்திகை பார்ப்பார். "வந்துட்டியா" என்று ஆரம்பிப்பதற்குள் பத்து நொடி போய்விடும். சங்கத்தார் ஒருமுறை பார்க்க வந்து, கடிகாரம் துல்லியமாக ஓடுவதாக ஏகமனதாகப் பாராட்டினார்கள். "இவங்க இன்னும் வர்றாங்களா?" என்று மனைவி கேட்டுவிட்டு மறைந்தாள்.

ஒரே குறை, முகம் தெளியவில்லை. பனி படிந்தது போல மங்கல். இடது கன்னத்தில், மச்சம் இருந்த இடத்தில், ஒரு காற்றுக் குமிழ். அந்த மச்சத்துக்காக ஏங்கி இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றினார். விடுமுறைக்கு வந்த தங்கைதான் கண்டுபிடித்தாள்.

"அண்ணா, கடையில ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் இன்னும் கடிகாரத்து மேலயே இருக்கு. அதுல இருக்கிற குமிழ்தான் அண்ணி கன்னத்துலயும். உரிச்சுப் போடு."

"உரிச்சா அது பழைய கடிகாரம் ஆயிடும்மா. பாதி விலைக்குக்கூடப் போகாது."

"விக்கப் போறியா?"

"சேச்சே, உயிரே போனாலும் விக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

சேகரிப்பாளர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

மறுநாள் மனைவி மிக அருகில் வந்து நின்றாள். "என்னைச் சரியாப் பாக்கவே மாட்டீங்களா?" அவர் நகத்தை விட்டுத் தாளின் ஒரு மூலையைக் கிளப்பினார். இடது காது தெளிந்தது. தோடு, அதன் பின்னால் எப்போதும் அடங்காத நரைமுடி. தலைவர் விம்மி அழுதார். அழுதுகொண்டே, மேற்கொண்டு உரியாமல் இருக்கிறதா என்று தாளைத் தடவிப் பார்த்தார்.

வருடங்கள் ஓடிவிட்டன. மாலையானால் மேலே காலடிச் சத்தம் கேட்கும். நோயாளிகள் வாயைத் திறந்தபடியே நிமிர்ந்து பார்ப்பார்கள், மருத்துவர் "அவங்கதான்" என்பார். அவளும் பழகிக்கொண்டாள். இப்போதெல்லாம் வந்ததும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் காதை அவர் பக்கம் திருப்பி, பத்து நொடியும் அசையாமல் நிற்கிறாள்.

தாள் இன்னும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கிறது.