உறுமல் நின்ற பெட்டி

என் தம்பிக்கு எதையும் ஒரே தடவையில் முழுசாகச் சொல்லத் தெரியாது. பாதியைச் சொல்வான், மீதியை நான் கத்திய பிறகு சொல்வான். அன்றைக்கும் தன்னுடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்குள் நுழைந்தான். மேசையிலிருந்த என் டீயை முழங்கையால் தட்டிவிட்டு, அக்கா, இந்தப் பெட்டியின் உறுமலை நிறுத்திக் கொடு என்றான், அவ்வளவுதான்.

காரணம் எனக்கே தெரியும். அவன் பெண்டாட்டிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இவன் கிடார், அவள் பாட்டு. பதினோரு வருஷம் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் மேடை மேடையாக ஏறினார்கள். இப்போதுதான் டாக்டர், பாடிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அவளோ, ஒரே ஒரு நாள் பாடிப் பார்ப்பேன், சுருதி சேரவில்லை என்றால் அத்தோடு சரி, அப்புறம் யாரும் என்னைப் பாடச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் மாறாத ஒரே ஆள் அவள்தான், அதுவும் வெளியிலிருந்து வந்தவள். அவள் பாடும்போது பின்னால் ஒரு முனகல்கூடக் கேட்கக் கூடாது என்று இவனுக்கு ஆசை. பாசம்தான், வேறென்ன.

பெட்டியைத் திறந்தேன். மின்சாரத்தை வடிகட்டும் நான்கு கெபாசிட்டர்களும் கிழடு தட்டிப் போயிருந்தன. ஒன்று தலை உப்பி, அடியில் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. வடிகட்டி கிழிந்தால் டீயில் தூள் வரும். இது கெட்டால் பாட்டில் உறுமல் வரும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று நம்பிக் கையை வைத்தால் ஆள் காலி. நானூறு வோல்ட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, அதன் பிறகும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் தொடுவேன். தம்பி எட்டிப் பார்க்க வந்தான். இன்னும் ஓரடி வைத்தால் உன் பெண்டாட்டி தனியாகத்தான் பாட வேண்டியிருக்கும் என்றேன். வாசல் வரை பின்வாங்கினான்.

புதிய நான்கையும் பிளஸ், மைனஸ் இரண்டு தடவை பார்த்துச் சால்டர் வைத்தேன். எடுத்தவுடன் முழு மின்சாரம் கொடுக்காமல் நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. மங்கினால் எல்லாம் சரி. பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். பொட்டுச் சத்தம் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். தம்பி மட்டும் பேந்தப் பேந்த விழித்தான். பிறகு போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கிடார் கம்பிகளை முறுக்கினான்.

சாயங்காலம் அவள் வந்தாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள். அவர்கள் வழக்கப்படி முதல் வரியை அவள் தனியாக எடுப்பாள், இரண்டாவது வரியில் கிடார் சேரும். எடுத்தாள். குரல் முன்னைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் எனக்குப் புல்லரித்தது. கிடார் சேர்ந்ததும் காதில் மணல் விழுந்தது. ரொம்ப இல்லை, ஒரு துளி விலகல்தான். நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். அதே விலகல். மூன்றாவது தடவையும் அதே.

"காது நல்லாத்தான் கேக்குது, அண்ணி. தொண்டைதான் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

தம்பியைப் பார்த்தேன். திருடன் மாதிரி நின்றான். என்னடா என்று ஒரு அதட்டுப் போட்டேன். அப்போதுதான் மீதிப் பாதி வந்தது. இத்தனை வருஷமும் அவன் கம்பி முறுக்கியது அந்தப் பெட்டியின் உறுமலை வைத்துத்தானாம். தடித்த கம்பியில் ஓரிடத்தைப் பிடித்து, அது உறுமலோடு ஒட்டும் வரை முறுக்குவானாம். உறுமலை நான் நிறுத்திவிட்டேன், அதனால் இன்றைக்கு முதல் தடவையாகப் போனைப் பார்த்து முறுக்கினானாம்.

அடப்பாவி, பதினோரு வருஷம்! சுவர் மின்சாரத்தின் உறுமல் எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் ஒரே சுருதிதான். போன் காட்டும் சுரத்துக்கு அது ஒரு துளி மேலே நிற்கும். இவர்கள் பாட்டு முழுக்க அந்தத் துளி மேலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

பையைக் கீழே வை, முதல் சுரத்தை மட்டும் பிடித்து நில் என்று அவளிடம் சொன்னேன். பையை வைத்துவிட்டுச் சுரத்தைப் பிடித்து நின்றாள். ரிப்பேருக்கு வந்த ரேடியோ ஒன்று அதே வியாதியோடு அலமாரியில் கிடந்தது. அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே அதைப் போட்டேன். அது உறுமியது. குரலும் உறுமலும் தைத்து வைத்ததுபோல ஒட்டின. ஒரு வருஷம் பாட்டுக்கு வாயே திறக்காதவள், எந்தத் துணையும் இல்லாமல், மயிரிழை பிசகாமல் அங்கே போய் நின்றிருக்கிறாள். அவளுக்கும் கேட்டது. கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

ரேடியோவை அணைத்தேன். போன் காட்டும் இடத்துக்கே இறங்கிப் பாடப் பழகிக்கொள்கிறேன் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீ ஏன் இறங்கணும்?" என்றான் தம்பி. "நீ அங்கயே நில்லு. நான் வர்றேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் சுரத்தைப் பிடித்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் முகத்தையே பார்த்தபடி ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினான். மூச்சு முட்டி நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள், காத்திருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், எங்கள் வீட்டில் அதுவே அதிசயம்.

பிறகு முதல் வரியை எடுத்தாள். இரண்டாவது வரியில் கிடார் சேர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.