வலமா ஒரு சுத்து

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. என் வீட்டுக்காரர் இளஞ்செழியன் இதைச் சொல்வார், வேங்கிக்கால் ஆபீசில் என் கீழே வேலை பார்க்கும் பதினோரு பேரும் சொல்வார்கள், யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன். இது தெரிந்துதான் என் மகள் தென்றல் என்னிடம் அந்தப் பந்தயத்தைக் கட்டினாள்.

தென்றலுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டாள். நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை மணிமொழி வீட்டுக்கு மூன்று கோடை லீவு இவளையும் இவள் தம்பி இனியனையும் அனுப்பியது என் தப்பு. போன இடத்தில் சும்மா இராமல் இரண்டும் கடற்கரையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டன. இப்போது அங்கேயே ஒரு வருஷம் தங்கிப் படித்து, படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஆகவேண்டுமாம். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம். அதில் என் கையெழுத்து வேண்டும்.

எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் ஏரியே பாதி வருஷம் காய்ந்து கிடக்கும். எங்கள் வம்சத்தில் கிணற்றைவிட ஆழமான தண்ணீரில் இறங்கியவர் கிடையாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்த்த பெண், ஆழம் தெரிந்தே காலை விடுகிறேன் என்கிறாள். உள்ளூரிலேயே பி.காம். சேரட்டும், சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும் என்றேன். எனக்குப் பயம். அவள் இல்லாத வீட்டில் யாரைத் திட்டுவது என்ற கவலையும் இருந்தது.

பௌர்ணமிக்கு நாலு பேரும் கிரிவலம் போனபோது, குபேர லிங்கம் தாண்டியதும் தென்றல் ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒரே ஒரு நாள் என் படகுல வா. நான் ஓட்டறேன், இனியன் கயிறு பாப்பான். ஏறனதுல இருந்து கரையில காலு வைக்கிற வரைக்கும் நீ மூணு ஆர்டர் போட்டுட்டா கையெழுத்து போடணும். மூணுக்கும் கம்மியா இருந்தா நான் பி.காம். சேந்துடறேன். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"மலை மேல சத்தியம்."

மலை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. சரி என்றேன். எண்ணும் வேலை அவள் அப்பாவுக்கு என்று முடிவானது.

மே மாதக் கடைசியில் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரை முழுக்கக் கரும்பாறை. அலை வந்து அடிக்கிற அடியில் இரண்டடி பின்னால் போய் நின்றேன். படகு எங்கள் வீட்டுச் சமையலறை அளவுகூட இல்லை. மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, தூக்குச் சட்டியில் புளிசாதமும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு ஏறினோம். பயிற்சியாளர் வள்ளி ஒரு மோட்டார் படகில் கொஞ்சம் தள்ளி எங்கள் பின்னாலேயே வந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே வந்தது.

தென்றல் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். பாய் விரிந்து படகு சாய்ந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"வெயில் மண்டையப் பொளக்குது, தொப்பி போடுடி" என்றேன்.

"ஒண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது ஆர்டரா? அக்கறைங்க."

"உன் ஆபீசுலயும் அப்படித்தான் சொல்லுவியாம்."

பாறைக்கரையை ஒட்டிப் படகு ஓடியது. தண்ணீர் பச்சையாக இருந்தது, ஒரு குடைவுக்குள் அலை புகுந்து புகுந்து வந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் காற்று ஜாஸ்தியானதும், பதின்மூன்று வயது இனியன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்கு வெளியே முதுகைச் சாய்த்தான் பாருங்கள், எனக்கு உயிர் போய்விட்டது.

"டேய், உள்ள வாடா!"

"ரெண்டு" என்றார் அவர். அவருக்குக் குமட்டல் ஆரம்பித்திருந்தது. அப்போதும் எண்ணிக்கையில் மட்டும் கவனம்.

"வெயிட்டு இந்தப் பக்கம் இருந்தாத்தான்மா படகு கவுறாது" என்றான் இனியன், தொங்கிக்கொண்டே.

துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஒரு மணி நேரத்தில் ஒரு பாறைத்தீவு வந்தது. அடியில் அகன்று மேலே கூர்ந்து, எங்கள் மலையைச் சின்னதாகச் செய்து கடலில் வைத்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தென்றல் அதைச் சுற்றிக் கரைக்குத் திரும்பப்போவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினாள். பாறை எங்கள் இடது கைப்பக்கம் வந்தது.

இடது கைப்பக்கம்.

திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மலை வலது கைப்பக்கம் இருக்கவேண்டும். நாற்பத்து நாலு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இடமாகச் சுற்றியதில்லை. ஆபீசில் மேஜைக்குப் பின்னால் போவதானால்கூட வலமாகத்தான் போவேன். இங்கே நான் பெற்ற பெண், மலையை அப்பிரதட்சணமாகச் சுற்றுகிறாள். "இந்தக் காத்துக்கு இப்படிச் சுத்தினாத்தான் ஒரே ஓட்டமா போலாம்" என்று விளக்கம் வேறு. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். துப்பட்டா நுனி என் வாயிலேயே நனைந்துபோனது.

பாறையின் பின்பக்கம் போனபோது பாய் தொய்ந்தது. நான் மட்டும் வலது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பத்தடி முன்னால் தண்ணீர் வெள்ளையாகச் சுழித்தது. கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"பாறை! சோத்தாங்கைப் பக்கம் பாறை!"

தென்றல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் குரலை நம்பிச் சுக்கானைத் தள்ளினாள். படகு விலகியது. அந்தக் கறுப்பு எங்களை உரசுகிற மாதிரி பின்னால் போனது.

"மூணு!" என்று குதித்தான் இனியன். "அக்கா, ஜெயிச்சுட்ட!"

"இது கணக்கு இல்லடா" என்றாள் தென்றல்.

"ஏன்க்கா? அம்மா கத்துனாங்க இல்ல?"

"கண்ணுல பட்டதச் சொல்றது ஆர்டர் இல்ல. படகுல யாரு பாத்தாலும் சொல்லணும். ரெண்டுதான். அப்பா, ரெண்டுதான்."

என் வீட்டுக்காரர் மடக்கிய விரலை மெதுவாக நிமிர்த்தினார்.

நான் அவளைப் பார்த்தேன். மூன்று என்று எண்ணியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. அவளுக்கு வேண்டியது கையில் வந்து விழுந்தது, தப்பாக வந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த நொடியே, "அம்மா, அந்தக் கயித்த இழு. இன்னும் இழு. போதும், விடு" என்றாள். நான் இழுத்தேன், போதும் என்றதும் விட்டேன். பதினோரு பேருக்கு உத்தரவு போடுகிறவள், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பாய் மறுபடி உப்பியது.

அப்புறம் புளிசாதம் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் மல்லாட்டையோடு நிறுத்திக்கொண்டார். இனியன் ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். தென்றலும் சிரித்தாள், ஆனால் சுக்கானை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பழைய வீட்டைக் காலி பண்ணுகிறபோது நான் கதவை அப்படித் தடவியது ஞாபகம் வந்தது.

கரை தெரிந்தது. இன்னும் பத்து நிமிஷம். நான் வாயே திறக்க வேண்டாம், கடித்த துப்பட்டாவோடு இறங்கிவிட்டால் போதும். ஜூன் மாதம் அவள் பி.காம். சேர்ந்துவிடுவாள். சொன்ன சொல் மாறாத பெண். முகம் சுளிக்காமல் தினமும் டவுன் பஸ் ஏறுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். அவள் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள், அப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படித் திட்டுவது?

துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தேன்.

"தென்றல், படகத் திருப்பு."

"இன்னாமா?"

"திருப்புன்றேன் இல்ல. அந்தப் பாறைய வலமா ஒரு சுத்து சுத்திட்டு வா. எடமா சுத்திட்டு வூட்டுக்குப் போக முடியாது."

என் வீட்டுக்காரர் குமட்டலை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இனியன்தான் மெதுவாகச் சொன்னான்.

"அம்மா, இது நெஜமாவே மூணு."

"எனக்கும் எண்ணத் தெரியும்டா."

தென்றல் தோள்பட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் மட்டும் கேப்டன் குரலாகவே வந்தது.

"காத்து எதிர்ல இருக்கும்மா. நேராப் போக முடியாது, வளைஞ்சு வளைஞ்சு போகணும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும். பௌர்ணமிக்கு நாலு மணி நேரம் நடக்கறோமே."

தென்றல் பின்னால் வந்த வள்ளியைப் பார்த்துக் கையை ஆட்டி, நாங்கள் போகப்போகும் திசையைக் காட்டினாள். சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பறோம். எல்லாரும் தலையக் குனிங்க."

பாயின் கட்டை எங்கள் தலைக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. முதலில் குனிந்தவள் நான்தான்.